பைக் டயரில் எவ்வளவு காற்று பிடிக்க வேண்டும்? வெயில் காலத்தில் குறைத்து வைக்க வேண்டுமா?

கேள்வி: முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட்டுக்குத் தினமும் 150 சிசி பைக்கில் போய் வருகிறேன். செயின் கவர் ஸ்டிக்கரில் முன் 25, பின் 28, ஆள் ஏற்றினால் பின் 32 என்று இருக்கிறது. மதியம் பங்கில் காற்று பிடித்தால் இரண்டு டயருக்கும் 35 வைத்துவிடுகிறார்கள். "வெயில்ல வெடிச்சிடும், குறைச்சு வை" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எது சரி?

பதில்: ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரி. ஆனால் அந்த எண் ஆறின டயருக்கு உரியது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வீட்டு வாசலில் எடுக்கும் அளவுதான் அளவு. மதியம் எடுப்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். காலை 26 டிகிரியில் பின் டயரில் 28 பவுண்டு வைக்கிறீர்கள் (பிஎஸ்ஐயைத்தான் கடைக்காரர் பவுண்டு என்கிறார்). கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே உண்மையில் இருப்பது 42.7. மே மாத மதியம் கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி தாண்டி வந்து நிற்கும்போது உள்ளிருக்கும் காற்று 56 டிகிரிக்குப் போயிருந்தால், கேஜ் 32-ஐத் தாண்டிக் காட்டும். ஒரு சொட்டுக் காற்றும் ஏறவில்லை. இருந்த காற்று சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். சுமாராக 10 டிகிரிக்கு ஒன்றரை பவுண்டு.

இப்போது நண்பர் சொன்னார் என்று வால்வுக்குள் இருக்கும் பின்னை (ஊசியை) அமுக்கி 28-க்கு இறக்கினால், மறுநாள் காலை டயர் ஆறியதும் அதில் 24 தான் இருக்கும். அந்த 24-இல் ஆளையும் ஏற்றிக்கொண்டு போனால், 32 இருக்க வேண்டிய இடத்தில் எட்டு பவுண்டு குறைவு.

குறைந்தால் என்ன ஆகிறது? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பிதுங்கி, மேலே போனதும் நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடங்கும் இடம் சுடுமே, அதே கதை. காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு பிதுங்கல், அவ்வளவு சூடு. வெயிலில் வெடிக்கும் டயர்களைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு வழி செய்வது காற்றுக் குறைவும் அதிகச் சுமையும் பழைய ரப்பரும். சூட்டில் நாலைந்து பவுண்டு ஏறும் என்பதைத் தெரிந்துதான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள். ஆகவே கோடையில் காற்றை இறக்குவது, பயந்த காரியத்தைத் தானே வரவழைப்பது.

பங்கில் வைத்த 35-ஐப் பற்றி. அதே சூட்டில் 35 வைத்தால் மறுநாள் காலை முப்பதரை இருக்கும். பின் டயருக்கு இது பெரிய குற்றமில்லை, ஆள் ஏற்றினால் ஒன்றரை குறைவுகூட. முன் டயர்தான் தகராறு: 25 வேண்டிய இடத்தில் முப்பதரை. முன் டயர் கல்லாகிவிட்டால் தரையில் படியும் பரப்பு சுருங்கும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் தார் மேல் மணல் படிந்திருக்கும். முதல் மழைக்குச் சாலை எண்ணெய்ப் பசையோடு வழுக்கும். இங்கெல்லாம் முன் பிரேக் பிடித்தால் சறுக்குவதற்கு அதுவே போதும். பங்கில் நின்றதும் "முன்னாடி இவ்ளோ, பின்னாடி இவ்ளோ" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். தானியங்கி மெஷின் என்றால் முன் டயருக்கு எண்ணை மாற்றிவிட்டுத்தான் ஓஸை மாட்ட வேண்டும். திரையில் 2.0 என்று இருந்தால் மிரள வேண்டாம், அது கிலோ கணக்கு. 28 பவுண்டுக்குச் சமம்.

சூடான டயரில் காற்று பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. காலையில் வீட்டில் சொந்தக் கேஜில் பார்த்து எவ்வளவு குறைகிறது என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின் டயர் 25 காட்டினால் மூன்று குறைவு. பங்குக்குப் போய் முதலில் அளந்து பாருங்கள். சூட்டில் அது 29 காட்டினால் 32 வைக்கச் சொல்லுங்கள். மூன்று குறைந்தது, மூன்று சேர்த்தாயிற்று. சூடு எவ்வளவு என்ற கவலையே வேண்டாம்.

இதற்குச் சொந்தக் கேஜ் அவசியம். பென்சில் கேஜோ டயல் கேஜோ, எதுவானாலும் சரி. கால் பம்பில் ஒட்டியிருக்கும் கேஜை மட்டும் நம்ப வேண்டாம். கேஜை வால்வின் மேல் நேராக அமுக்க வேண்டும். சாய்ந்தால் 'உஸ்' என்று காற்று போகும், எண்ணும் தவறும். இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் 20-க்கும் 28-க்கும் வித்தியாசம் காட்டாது.

ட்யூப் டயர் என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை, ட்யூப்லெஸ் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு இறங்குவது இயல்பு. வாரத்துக்கே இரண்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. முதலில் வால்வைச் சந்தேகப்படுங்கள். மூடியைக் கழற்றி, வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள் (அவசரத்துக்கு எச்சில், பஞ்சர் கடையில் அதுதான் வழக்கம்). குமிழி ஊதினால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது, அல்லது மணல் சிக்கியிருக்கிறது. வால்வு பின்னைத் திருகும் கருவியால் மெல்ல முறுக்கி மறுபடி சொட்டு வைத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் பின்னை மாற்ற வேண்டியதுதான், சில்லறைச் செலவு. நம் கடற்கரை ஊர்களில் வால்வு மூடி இல்லாமல் ஓட்டினால் உப்பும் மணலும் நேராகப் பின்னில்தான் உட்காரும்.

ட்யூப்லெஸ்ஸில் இன்னொன்று: ரப்பர் வால்வைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்து அடியில் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றிவிடுவது நல்லது. பட்டனுக்கு (தரையில் படும் ரப்பர் கட்டைகளுக்கு) நடுவே ஆணி தெரிந்தால் சாலையோரம் பிடுங்காதீர்கள். அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சேருங்கள்.

ஸ்போக்ஸ் வீல், ட்யூப் வண்டி வைத்திருப்பவர்கள் வால்வு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுக் குறைவோடு ஓட்டிப் பிரேக் பிடித்தால் டயர் ரிம் மேல் வழுக்கும். ட்யூப்பும் கூடவே நகரும், வால்வு ஒரு பக்கம் சாயும். அப்படியே விட்டால் வால்வின் அடியோடு ட்யூப் கிழியும். அதற்கு ஒட்டுப் போட முடியாது, புது ட்யூப்தான். மழைக் காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கினால் ட்யூப்பை ரிம் கடிக்கும். கழற்றிப் பார்த்தால் அக்கம்பக்கமாக இரண்டு வெட்டு, பாம்புப் பல் பட்டது போல. ஆணியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், காற்றுக் குறைவுதான் காரணம்.

ஓட்டும்போதே கை சொல்லிவிடும். ராஜீவ் காந்தி சதுக்கத்தில் திரும்பும்போது ஹேண்டில் கனமாக, திரும்பிய பின் நிமிர மனமில்லாமல் இருந்தால் முன் டயர் குறைவு. வளைவில் பின்பக்கம் குழைந்தால் பின் டயர். சின்ன மேடுக்கெல்லாம் எகிறினால் காற்று அதிகம். பட்டன் தேய்ந்திருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தினமும் நேர் சாலையில் ஓடும் வண்டிக்கு, காற்று சரியாக இருந்தாலும் நடுப்பகுதிதான் முதலில் தேயும்.

முதுநகரிலிருந்து மீன் பெட்டியோ, பண்ருட்டியிலிருந்து பலாப்பழ மூட்டையோ கட்டி வருபவர்கள் ஆள் ஏற்றும்போது வைக்கும் அளவை வைக்கலாம். ஆனால் அதற்கு மேல் காற்றை ஏற்றுவதால் வண்டியின் தாங்குசக்தி ஏறாது. டயர் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும்: 55 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 218 கிலோ. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் டயரின் எல்லை. உங்கள் வண்டிக்குரிய அளவு அதுவல்ல. அந்த எண்ணைப் பார்த்து காற்று பிடிப்பவர்கள் நிறையப் பேர்.

நைட்ரஜன் போடலாமா என்றும் கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தினமும் ஓடும் பைக்குக்குக் காசு கொடுத்துப் போட வேண்டியதில்லை. யாராவது ஏற்கெனவே நைட்ரஜன் பிடித்துப் பச்சை வால்வு மூடி போட்டுக் கொடுத்திருந்தாலும், குறையும்போது சாதாரணக் காற்றையே அதன் மேல் பிடித்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.