இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்கு: கணினியில் பழைய பயணிகள் விமானங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எயார் சிலோனின் டகோட்டா விமானம் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் வந்திறங்குவதைச் சிறுவயதில் பார்த்தவன் நான். இப்போது என் பேரன் கணினியில் விமானம் ஓட்டுகிறான். ஆனால் புதிய எயார்பஸ்களை மட்டுமே ஓட்டுகிறான். அந்தப் பழைய டகோட்டாவில் இரத்மலானையிலிருந்து திருமலைக்கு வர வழியுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

பதில்: தாராளமாக உண்டு. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் டகோட்டா என்று நாம் அழைக்கும் இந்த டி.சி.-3 விமானத்தில்தான். ஆகவே நம் நாட்டவர் ஒருவர் பழைய விமானங்களைப் பழகத் தொடங்க இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம். மைக்ரோசொப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பிலும், 2020ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2022 நவம்பரில் வெளியான நாற்பதாவது ஆண்டு நிறைவுப் பதிப்பிலும் டி.சி.-3 கூடவே வருகிறது. இலவச மென்பொருளான ஃபிளைட்கியரிலும் அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். பேரனிடம் ஒரு நிபந்தனை மட்டும் விதியுங்கள்: ஜி.பி.எஸ். திரையைத் தொடக்கூடாது. அந்தத் திரையில் நகரும் கோட்டைப் பின்தொடர்ந்து வருவதானால் எயார்பஸ்ஸிலேயே வந்துவிடலாம்.

இந்தப் பாதை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பறப்பதற்கென்றே அமைந்தது போன்றது. இரத்மலானையையும் சீனக்குடாவையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். திசை வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 37 பாகை. அந்தக் கோடு முதலில் குருநாகலுக்கு மேலாகவும், பின்னர் தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் மிக அருகாகவும் சென்று, மின்னேரியாக் குளத்தை வலப்புறத்தில் விட்டு, கந்தளாய்க் குளத்தின் ஓரமாகத் தம்பலகாமக் குடாவை அடைகிறது. எனவே திசைகாட்டியையும் கைக்கடிகாரத்தையும் மட்டுமே நம்பி வருபவருக்கும், தாம் சரியான வழியில் வருகிறோமா என்பதை உறுதிசெய்துகொள்ள ஒரு மலையோ குளமோ அடிக்கடி எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கும். முகில் மூடியிருக்கும் நாளில் வலப்பக்கம் விலகுவது மட்டும் ஆபத்து. ஏறத்தாழ 1,900 மீட்டர் வரை உயரும் நக்கிள்ஸ் மலைத்தொடர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல வானிலையில் இந்தப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

எயார்பஸ் பழகிய கைக்கு இயந்திரங்கள்தான் முதலில் சோதனையாக அமையும். டி.சி.-3இன் இரு இயந்திரங்களும் ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு கொண்டவை. மேலெழும்போது உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் பாதரச அளவில் 48 அங்குலத்திலும், சுழற்சி நிமிடத்துக்கு 2,700 என்ற அளவிலும் இருக்கும். இதை அதிக நேரம் தாங்க அவற்றால் இயலாது. வலுவைக் குறைக்கும்போது முதலில் அழுத்தத்தையும் பின்னர் சுழற்சியையும் குறைக்க வேண்டும். கூட்டும்போது முதலில் சுழற்சி, பின்னர் அழுத்தம். இந்த ஒழுங்கை மாற்றுபவரின் இயந்திரத்தை நல்ல மென்பொருள்கள் உண்மையாகவே பழுதாக்கிவிடும். அவ்வாறு பழுதாக்காத மென்பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இறங்குவதற்குச் சீனக்குடாவில் ஒரே ஓடுபாதை. அதன் ஒரு முனைக்கு 06 என்றும் மறு முனைக்கு 24 என்றும் பெயர். வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வீசுவதால், தம்பலகாமக் குடாவின் பக்கமிருந்து 06இல் நேராக இறங்கலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் திருமலையைச் சுற்றிச்சென்று துறைமுகத்தின் பக்கமிருந்து 24இல் இறங்க வேண்டும். காட்சிக்கு இதுவே சிறந்தது. ஆனால் டி.சி.-3 வால்சக்கர விமானம். நிலத்தைத் தொட்ட பின்னரும் பக்கக்காற்று அதன் வாலைத் தள்ளித் திருப்பிவிடும் என்பதால், விமானம் முற்றாக நிற்கும்வரை சுக்கான் மிதிகளிலிருந்து காலை எடுக்கக்கூடாது.

கேள்வி: சீனக்குடாவிலிருந்து கொன்கோர்டை மேலெழுப்ப முடியுமா?
– மாணவர், நிலாவெளி

பதில்: எரிபொருள் குறைவாக இருந்தால் எழும்பும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. முழுச் சுமையோடு எழும்ப அதற்கு ஏறத்தாழ 3,600 மீட்டர் தேவை. நமது ஓடுபாதை சுமார் 2,400 மீட்டர்தான்.

கேள்வி: செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அப்படியே காட்டுவதாகச் சொல்லப்படும் சிமுலேட்டரில் கோணேசர் மலையைத் தேடிப் பறந்தேன். செங்குத்துப் பாறைக்குப் பதிலாக ஒரு மண்மேடு சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. கோயில் இருக்கும் இடத்தில் ஏதோ வீடுகள் தெரிகின்றன. இதைத் திருத்த முடியுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: இரண்டும் வெவ்வேறு குறைகள், அவற்றின் காரணங்களும் வேறு. நிலத்தின் உயரம் பற்றிய தகவலுக்குப் பல சிமுலேட்டர்கள் 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த அளவீட்டையே அடிப்படையாகக் கொள்கின்றன. அந்த அளவீடு முதலில் பரவலாகக் கிடைத்தபோது ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கிலேயே இருந்தது. பின்னர் 30 மீட்டருக்கு ஒன்றாகவும் வெளியிடப்பட்டது. கோணேசர் மலையான சுவாமிமலையோ ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாகக் கடலில் இறங்குவது. மலை உச்சியில் ஒரு புள்ளியும் கடலில் அடுத்த புள்ளியும் விழுந்தால், இடையில் இருப்பதை மென்பொருள் ஒரு சரிவாக இட்டு நிரப்பிவிடுகிறது. இராவணன் வெட்டு போன்ற ஒடுங்கிய பிளவை அந்த வலையில் எதிர்பார்க்கவே முடியாது. கோயிலின் கதை வேறு. செய்மதிப் படத்தில் தெரியும் கூரைகளைப் பார்த்து, அவை எவ்வகைக் கட்டடங்கள், எவ்வளவு உயரமானவை என்று மென்பொருள் தானாக ஊகித்து எழுப்புகிறது. முப்பரிமாணத்தில் துல்லியமாகப் படமெடுக்கப்பட்டவை தெரிவுசெய்யப்பட்ட சில நகரங்கள் மட்டுமே. ஏனைய ஊர்களின் கோபுரங்களுக்கு இந்த ஊகம்தான் கதி.

திருத்தம் செய்ய எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் வசதியானது என்பது என் கருத்து. அதற்கான ‘ஓர்தோ4எக்ஸ்பி’ என்ற இலவசக் கருவி, அகலாங்கும் நெட்டாங்கும் ஒவ்வொரு பாகையாக அமையும் சதுரங்களாகப் பிரித்து, செய்மதிப் படத்தை நிலத்தின்மீது போர்த்துகிறது. உயரத் தகவலையும் நீங்கள் விரும்பியவாறு மாற்றிக் கொடுக்கலாம். திருகோணமலை இருப்பது வடக்கு 8, கிழக்கு 81 என்ற சதுரத்தில்; உவர்மலை ஆசிரியரின் பாதை முழுவதற்கும் ஐந்து சதுரங்கள் போதும். ஒரு சதுரமே பல கிகாபைட் இடத்தைப் பிடிக்கக்கூடும் என்பதால், இலங்கை முழுவதையும் ஒரே நாளில் செய்ய முனையாதீர்கள். கோயிலை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வடிவமைத்து, எக்ஸ்-பிளேனுடன் தொடர்புடைய ‘வேர்ல்ட் எடிட்டர்’ மூலம் மலையில் நிறுத்தலாம். கோபுரத்தின் ஒவ்வொரு சிற்பத்தையும் செதுக்கத் தேவையில்லை: ஆயிரம் அடி உயரத்தில் பறப்பவர் கண்ணுக்கு நிறமும் உயரமும் சரியாக இருந்தாலே கோயில் கோயிலாகத் தெரியும்.

மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் பழைய விமானங்களுக்கே இந்த உழைப்பு பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தாயிரம் அடியில் ஜெட் விமானம் ஓட்டுபவருக்குச் சுவாமிமலை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கேள்வி: வீட்டில் கைப்பேசி டேட்டா இணைப்பு மட்டுமே இருக்கிறது. கணினியின் நினைவகம் எட்டு கிகாபைட். எந்த மென்பொருளை வாங்கலாம்?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: மைக்ரோசொப்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்க வேண்டாம். அது குறைந்தபட்சமாகக் கேட்பது எட்டு கிகாபைட் நினைவகமும் 150 கிகாபைட் வட்டு இடமும். ஆனாலும் காட்சிகளைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டிருப்பதால், உங்கள் டேட்டா மாத முடிவுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஃபிளைட்கியரில் தொடங்குங்கள், செலவில்லை. மனம் பிடித்துப்போனால் எக்ஸ்-பிளேனின் இலவச மாதிரிப் பதிப்பை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்; நிறுவிய பின் காட்சிகளுக்காக அது இணையத்தைக் கேட்காது. மீதிப் பணத்தில், கைப்பிடியை முறுக்கினால் சுக்கான் திரும்பும் வகை ஜோய்ஸ்டிக் ஒன்றை வாங்குங்கள். விசைப்பலகையால் டி.சி.-3ஐ இறக்குவது சித்திரவதை.

கேள்வி: எயார் லங்கா ஓட்டிய ட்ரைஸ்டார் விமானத்தை ஒருவர் தனியாக ஓட்ட இயலுமா? விமானியறையில் மூன்று பேர் இருந்தார்கள் அல்லவா?
– வாசகர், மூதூர்

பதில்: இயலும், ஆனால் மூன்றாமவரின் வேலை உங்கள் தலையில் விழும். 1970இல் முதன்முதலாகப் பறந்த லொக்ஹீட் எல்-1011 ட்ரைஸ்டாரில் எரிபொருள், மின்சாரம், அறை அழுத்தம், ஹைட்ரோலிக் ஆகியவை அனைத்தும் பக்கச்சுவரை நோக்கி அமர்ந்திருக்கும் பறப்புப் பொறியியலாளரின் பலகையில் இருந்தன. சில மென்பொருள்கள் அவரது பணியைத் தாமே செய்யும் வசதியைத் தருகின்றன. தொடக்கத்தில் அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. தரையில் இருக்கும்போதும் உயரத்தில் நிலைத்துப் பறக்கும்போதும் அந்தப் பலகையைச் சிறிது சிறிதாக உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மட்டும் மாற்றாதீர்கள்.

தரையிறங்கும் முறையில் ட்ரைஸ்டாருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வழமையான விமானங்கள் மூக்கை ஏற்றியும் இறக்கியும் சரிவுப்பாதையைச் சரிசெய்யும்போது, இது இறக்கையின் மேலுள்ள, தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகளான ஸ்பொய்லர்களைச் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் அதைச் செய்கிறது. மூக்கு ஏறத்தாழ அசையாமலே விமானம் இறங்கும். நீங்கள் வாங்க நினைக்கும் ட்ரைஸ்டாரில் இது இருக்கிறதா என்று காணொளிகளில் பாருங்கள். இறங்கும் வேளையில் ஸ்பொய்லர்கள் அசையாவிட்டால், அது வேறு விமானத்துக்கு ட்ரைஸ்டாரின் தோலைப் போர்த்தியது.

நீண்ட வழிகளுக்கு, விமானத்தின் அசைவைக் கொண்டே அது இருக்கும் இடத்தைக் கணிக்கும் அக்காலத்து ஐ.என்.எஸ். கருவியையும் பழக வேண்டும். புறப்படுமுன் நிற்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கையால் அழுத்திக் கொடுத்து, அது நிலைகொள்ளும் வரை விமானத்தை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். பறக்கத் தொடங்கிய பின் மணிக்கு ஓரிரு கடல் மைல் வீதம் அதன் கணக்கு பிசகிக்கொண்டே போகும். கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு சீனக்குடாவை அதில் பதிவதானால் வடக்கு 8 பாகை 32 கலை, கிழக்கு 81 பாகை 11 கலை என்று கொடுங்கள். கிழக்கு என்பதற்குப் பதிலாக மேற்கு என்று அழுத்திவிட்டால், அந்தக் கருவி எந்த மறுப்பும் சொல்லாமல் உங்களை மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமாவின் பக்கம் திருப்பிவிடும்.