பினாங்கில் சின்ன நூற்பாலையும் நூல் கடையும் சேர்த்து நடத்தினால் கட்டுப்படியாகுமா? முதலில் எந்த மெஷின் வாங்குவது?

கட்டுப்படியாகும். எங்கள் ஆலை பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இருக்கிறது. நூல் கடை தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில். எந்த மெஷின் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எந்த நாரை நூற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மினி மில் என்ற பெயரில் விற்கும் மெஷின்கள், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் செய்பவை உட்பட, ஆட்டுக் கம்பளி, அல்பாக்கா மாதிரி நீள இழைகளுக்காகச் செய்தவை. கம்பளி இழை ஏழெட்டு சென்டிமீட்டர் சாதாரணமாக வரும். பருத்தி மூன்று சென்டிமீட்டரைத் தொட்டாலே நல்ல பருத்தி. நூற்கும்போது பின் உருளை நாரை மெதுவாகக் கொடுக்கும், முன் உருளை வேகமாக இழுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் இழையின் நீளத்தைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கலாம். கம்பளிக்கு வைத்த தூரத்தில் பருத்தியை விட்டால், நடுவில் இழைகள் எந்த உருளையின் பிடியிலும் இல்லாமல் மிதக்கும். நூல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும், அப்புறம் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் பினாங்கில் கடைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் கேட்பது பருத்தி. குரோஷே பொம்மை, பை, குழந்தைத் தொப்பி, வாசல் தோரணம் எல்லாம் பருத்தியில்தான் போடுகிறார்கள். அதனால் பருத்தியை நாங்கள் நூற்பதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கோனாகச் சுற்றிய நூலாக வரவழைத்து, இங்கே புரி சேர்த்து (ஒற்றை நூல்களை ஒன்றாக முறுக்கி), சாயம் போட்டு, சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி விற்கிறோம். மெரினோ ஆட்டுக் கம்பளி, பட்டு கலந்த கம்பளி, மூங்கில் விஸ்கோஸ் (மூங்கில் கூழிலிருந்து செய்யும் நார்) இவற்றைத்தான் சொந்தமாக நூற்கிறோம். மூங்கில் விஸ்கோஸைக் கம்பளி நீளத்துக்கே வெட்டி, ஸ்லைவராக (முறுக்காத நார்க் கயிறாக) விற்கிறார்கள், நம் மெஷினில் நன்றாக ஓடும். இந்த வெயிலில் கம்பளியை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். ஏர்கோன் (ஏசி) அலுவலகத்தில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள், பிள்ளையை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பும் அம்மாக்கள், கேமரன் மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள்.

"வீட்டில் இலவ மரம் இருக்கிறது, அந்தப் பஞ்சை நூலாக்கித் தருவீர்களா" என்றும் அடிக்கடி கேட்பார்கள். இலவம் பஞ்சு குட்டை இழை, மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே குழல் மாதிரி வெற்றிடம். வழுவழுவென்று இருப்பதால் முறுக்கு நிற்காது. தனியாக நூற்க முடியாது. பருத்தி நூற்கும் மெஷினில், பருத்தியோடு கொஞ்சம் கலந்தால் வரும். அந்த மெஷின் நம்மிடம் இல்லையே. தலையணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

கம்பளியைப் பண்ணையில் கத்தரித்தபடியே வாங்காதீர்கள். மலேசியாவில் வளர்க்கும் ஆடுகள் பெரும்பாலும் இறைச்சிக்கானவை, நூற்கும் தரத்தில் கம்பளி தராது. வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். பச்சைக் கம்பளியில் கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்து இருக்கும். கழுவி முடித்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடை போய்விடும். 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டும், கலக்கவே கூடாது, தண்ணீர் ஆறவும் விடக் கூடாது. ஆறினால் கொழுப்பு திரும்ப இழையிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கழிவுநீரைச் சாக்கடையில் விடவும் முடியாது. கழுவிச் சீவிய கம்பளியாகவே வாங்குங்கள்.

இனி ஈரம். கோவை ஆலைகளில் காற்றுக்கு ஈரம் ஏற்றுவதற்குத் தனி ஏற்பாடு வைத்திருப்பார்கள். நமக்கு வேலை தலைகீழ். பினாங்கில் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். நூற்புக்கு 55 முதல் 65 வரை இருந்தால் போதும். அதைத் தாண்டினால் இழை உருளையில் சுற்றிக்கொண்டு லேப்பாகும், கார்டிங் மெஷினில் நாரைச் சீவும் கம்பிப் பற்கள் துருப்பிடிக்கும். ஏர்கோனைக் கூட்டி ரொம்ப உலர்த்திவிட்டால் கம்பளியில் நிலைமின்சாரம் ஏறி, இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் மெஷினும் வேண்டும், ஏர்கோனும் வேண்டும். உறிஞ்சும் மெஷின் வெப்பத்தை அறைக்குள்ளேயே விடும், அதனால் ஒன்று மட்டும் போதாது. பெரிய ஸ்பின்னிங் ஃபிரேமா (நூற்கும் மெஷின்), ஈரம் கட்டுப்படுத்திய அறையா, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த ஃபிரேமுக்குப் போகாமல் அறையை அடைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்துங்கள். இரவிலும் ஓட வேண்டும், மின் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூற்ற நூலை வெந்நீரில் நனைத்து முறுக்கை நிலைக்க வைப்போம். அந்த ஈரச் சிட்டங்களை நூற்கும் அறையில் தொங்கவிடாதீர்கள், அத்தனை தண்ணீரும் அந்தக் காற்றுக்குத்தான் போகும். காயவைக்க ஒரு தனி அறை, இரண்டு மின்விசிறி. செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த அறை இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, பூஞ்சை வாடை வந்த நூலை யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று, எடை. கம்பளி காற்றிலிருந்து ஈரத்தை நிறைய இழுத்துக்கொள்ளும். வணிகக் கணக்கிலேயே உலர்ந்த எடைக்கு மேல் 16 முதல் 18 சதவீதம் ஈரம் சாதாரணம், பருத்திக்கு 8.5. மழைநாளில் திறந்த இடத்தில் 100 கிராம் என்று நிறுத்துக் கட்டிய கம்பளிச் சிட்டம், வாங்கியவர் வீட்டு ஏர்கோன் அறையில் இரண்டு நாள் இருந்தால் ஐந்தாறு கிராம் குறைந்துவிடும். வாங்கியவருக்கு நாம் ஏமாற்றியதாகத்தான் தோன்றும். அதனால் நூலை ஓரிரவு ஈரம் கட்டுப்படுத்திய அறையில் வைத்த பிறகே நிறுக்கிறோம். சீட்டில் எடையோடு மீட்டரும் போடுகிறோம். நீளத்தை மழை அவ்வளவாக மாற்றாது. தொழில் செய்கிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தரம் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. எங்கள் ஆலையில் ஸ்பின்னிங் பார்க்கும் அக்கா, பாபின் (நூல் சுற்றும் கட்டை) நிறையும்போதே ஒரு முழம் நூலை இழுத்து, இரண்டாக மடித்துக் கீழே தொங்கவிடுவார். ஒற்றைப் புரியாக இருந்தது தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று தன்னோடு பின்னிக்கொண்டு நிற்கும். இரண்டு புரி சேர்த்த பிறகு நூல் எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். தளர்ந்து நின்றால் முறுக்குப் போதாது, விறைத்துச் சுருண்டால் அதிகம். பாபின் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறார். கார்டிங்கிலிருந்து வரும் வலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்.

கடைக்கு என்று தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. சிட்டமாக விற்றாலும், உருண்டையாகச் சுற்றித் தரும் கருவியைக் கடையில் வையுங்கள், பாதிப் பேர் கேட்பார்கள். ஒரே நிறமானாலும், ஒவ்வொரு தடவை போட்ட சாயத்துக்கும் தனி லாட் நம்பர் எழுதுங்கள். பருத்திக்கும் கம்பளிக்கும் ஒரே சாயம் ஒத்துவராது, இரண்டு வரிசையாகத்தான் நடத்த வேண்டியிருக்கும். கம்பளியையும் பட்டையும் மூடிய டப்பாவில் வையுங்கள். துணிப்பூச்சி அவற்றைத் தின்னும், பருத்தியை அவ்வளவாகத் தொடாது.

எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவும் உள்ளூராட்சி மன்ற லைசென்ஸும் இடம் பார்க்கும்போதே விசாரித்துவிடுங்கள். கடைவீட்டில் மெஷின் ஓட்ட அனுமதி கிடைக்கும் என்று நம்பி வாடகை முன்பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் ஆலையைத் தொழிற்பேட்டையில் வைத்ததற்கு அதுதான் காரணம், த்ரீ ஃபேஸ் மின்சாரமும் அங்கேதான் சுலபம். பஞ்சுத் தூசி சட்டென்று தீப்பிடிக்கும். மோட்டார் மேல் படியும் தூசியைத் தினமும் வேலை முடிந்ததும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம்.