டெல்லி கணேஷ்: ஒரு கடிதம்

வணக்கம்.

நடிகர் டெல்லி கணேஷ் மறைந்தபோது எங்கு பார்த்தாலும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தின் அந்தச் சாம்பார்-மீன் காட்சியைத்தான் போட்டார்கள். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவருக்கு மிச்சம் அவ்வளவுதானா? கமல்ஹாசன் படங்களில் ஐயர் வேடம் போட்டதைத் தவிர அவர் என்ன செய்துவிட்டார் என்று என் நண்பர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் ‘பசி’ பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 1979-ல் துரை இயக்கிய படம். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்ததால் ஷோபா படமாகவே நினைவில் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் அதில் அவருடைய அப்பாவாக, சென்னைக் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவராக வருவது டெல்லி கணேஷ். வல்லநாட்டில் பிறந்து, 1964 முதல் பத்து வருடம் விமானப்படையில் இருந்து, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவர். பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ வழியாக சினிமாவுக்குள் நுழைந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த மெட்ராஸ் பாஷையைக் கேட்டால் நடிக்கிறார் என்றே தெரியாது. மாநில அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது. அதற்குப் பிறகும் நம் இயக்குநர்கள் அவருக்குப் பூணூலையே மாட்டிவிட்டார்கள் என்றால் அதற்கு அவர் என்ன செய்வார்?

அப்புறம், அந்த ஐயர்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. அவர்களில் பலரும் ஒரு பெரிய மனிதருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். அந்த நிற்பதை ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி செய்திருக்கிறார் என்பதுதான் விஷயம். ‘நாயகன்’ ஐயருக்கு வேலு நாயக்கர் மேல் இருப்பது கேள்வியே கேட்காத விசுவாசம். ‘அவ்வை சண்முகி’யின் சேதுராமன் முதலாளி வீட்டில் ஒரு கணக்கோடு வளைய வருபவர். ‘சிந்து பைரவி’யில் மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தி குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து, படத்தின் நாயகனான பாடகர் ஜே.கே.பி.யிடம் மாட்டிக்கொள்கிறார். வித்தை தெரிந்தவன், தப்பு செய்தவன், பிழைப்புக்கு இவரையே நம்பி இருப்பவன் என்று மூன்றும் அந்த முகத்தில் சேர்ந்து வருகின்றன. பின்னால் ஜே.கே.பி.யே குடியில் விழும்போது நமக்கு வலிப்பதற்கு இந்தக் குருமூர்த்தியும் ஒரு காரணம்.

மீன் காட்சிக்கே வருவோம். அதில் அவர் நடித்த சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் கிடக்கிறது, விஷயம் வெளியே தெரிந்தால் மானமும் போகும், இனி யாரும் சமையலுக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் உண்மையிலேயே பயப்படுகிறார். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் படத்துக்கு முந்தைய வருடம்தான் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவராக வந்திருந்தார்.

டிவி தொடர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நிறைய நடித்தார், பெரும்பாலும் அப்பா, தாத்தா. மெகாத்தொடர்கள் அவரிடம் கேட்டது கொஞ்சம்தான், அவர் அதற்கு மேலேயே கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

நவம்பர் 2024-ல், எண்பது வயதில் காலமானபோது விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். எனக்குத் தெரிந்த பலருக்கு அவர் அங்கே இருந்தவர் என்பதே அன்றுதான் தெரிந்தது.

நண்பரிடம் முதலில் ‘பசி’யைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டும் இதே கேள்வியைக் கேட்டால் எனக்கு எழுதுங்கள், சண்டை போடுவோம்.