உயிர் கெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணி இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, தலையில் பலத்த அடியோடு ஒன்பது நாட்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ அளவு 15க்கு 6தான் என்கிறார்கள். "பொம்பளைக்கு உசுரு கெட்டி, பிழைத்துவிடுவாள்" என்கிற உறவினர்களின் பேச்சுதான் இப்போது ஆறுதல். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்தான் பெண்களைக் காப்பாற்றுகிறது என்று படித்தேன். அந்த ஊசியை மருத்துவரிடம் கேட்கலாமா? பெண் மூளையின் அமைப்பே வேறு என்கிறார்களே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பது இரவுகளை மருத்துவமனை வராந்தாவில் கழித்த உங்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊசியைக் கேட்காதீர்கள். மூளை அமைப்பைப் பற்றிய பேச்சால் உங்கள் அண்ணிக்கு இன்று ஒரு பயனும் இல்லை, விட்டுவிடுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஸ்டெய்ன், மூளையில் அடிபட்ட எலிகளில் புரோஜெஸ்டிரோன் மிகுந்திருந்த பெண் எலிகளுக்கு வீக்கம் குறைவாக இருந்ததைக் கண்டார். 2007இல் அட்லாண்டாவில் ஆண்களும் பெண்களுமாக 100 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 30 விழுக்காட்டினரும் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். நானும் நம்பினேன். 2014இல், 882 பேரிடமும் 1,195 பேரிடமும் தனித்தனியே நடந்த இரு பெரிய சோதனைகள் அந்த மருந்தால் பயனில்லை என்று காட்டின. பெண்கள் அதிகம் பிழைக்கிறார்களா என்பதிலும் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சாலையில் அடிபட்டு வரும் இளைஞனையும் குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியையும் ஒரே கணக்கில் வைத்தால் வேறென்ன கிடைக்கும்? ஆய்வாளர்கள் தங்கள் நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். நம் வீடுகளில் அதே நம்பிக்கையை எவரும் சோதிப்பதில்லை.

என் அக்காவின் முந்தானை வண்டிச் சக்கரத்தில் சிக்கியது. விழுந்தவளை, "பொம்பளை உசுரு, ஒன்றும் ஆகாது" என்று மாலைவரை வீட்டிலேயே படுக்கவைத்திருந்தார்கள். இரண்டாம் முறை வாந்தி எடுத்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதமே அடுப்படிக்கு அனுப்பப்பட்டாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள். பெற்ற மகனைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் கிடைக்காமல் அழுவாள். அவளுடைய தலைவலியைச் சோம்பல் என்றார் மாமியார். 30 நாள் கணக்கெடுப்பில் அவள் பிழைத்தவர்களின் பட்டியலில்தான் இருப்பாள். 'உயிர் கெட்டி' என்ற சொல் அவளை மருத்துவமனைக்குத் தாமதமாக அனுப்பியது, அங்கிருந்து அவசரமாக வேலைக்கும் அனுப்பியது. அந்தச் சொல்லையா நீங்கள் ஆறுதல் என்று எழுதுகிறீர்கள்?

அண்ணியின் வயது, வெளிச்சத்துக்குக் கண்மணிகள் சுருங்குகின்றனவா என்பது, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் ஓரளவு சொல்வார். அவரிடம் அவற்றைக் கேளுங்கள். பிறகு உங்கள் அண்ணனைத் தனியே அழைத்து, அண்ணி வீடு திரும்பினால் பேச்சுப் பயிற்சிக்கும் நடைப் பயிற்சிக்கும் யார் அழைத்துப் போவது, ஓராண்டுக்குச் சமையல் யார் பொறுப்பு என்று இப்போதே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.