இங்கிலீஷ்ல ப்ரீஸ், கேல், கஸ்ட் எப்படி வேறுபடுது? பறவை பறக்குறதச் சொல்ற க்ளைடும் சோரும் ஒண்ணா?

காத்துக்கான வார்த்தைங்கள்ல பாதி, காத்தோட வேகத்த வச்சு பிரிச்சதுதான். 1805ல ஃப்ரான்சிஸ் பியூஃபோர்ட்ங்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போட்ட அளவுகோல்ல 2ல இருந்து 6 வரைக்கும் எல்லாமே ப்ரீஸ்தான், அதனால ப்ரீஸ்னா தென்றல் மட்டும்னு நினைச்சுடாதீங்க, ஸ்ட்ராங் ப்ரீஸ்ல குடை பிடிக்கிறதே கஷ்டம். 8க்கு வந்தா கேல், மணிக்கு 62 கிமீ தாண்டும், மரத்துல சின்னச் சின்ன குச்சியெல்லாம் முறிஞ்சு விழும். கஸ்ட் இந்த லிஸ்ட்லயே வராது, சட்டுனு ஒரு வீச்சு, சில செகண்ட்ல அடங்கிடும். ஸ்குவால்னா நிமிஷக்கணக்கா அடிக்கும், பெரும்பாலும் மழையோட.

சிறகு பக்கம் ஃப்ளாப்னா அடிக்கிறது, ஃப்ளட்டர்னா பட்டாம்பூச்சி படபடக்குறது, இது ஈஸி. க்ளைட், சோர்லதான் எல்லாரும் குழம்புறாங்க. ரெண்டுலயும் சிறக அடிக்காது, ஆனா க்ளைட்ல உயரம் கொஞ்சம் கொஞ்சமா குறையும், சோர்ல கழுகு மேல எழும்புற சூடான காத்த புடிச்சு வட்டம் போட்டுக்கிட்டே ஏறிடும். அந்தரத்துல நின்னா ஹவர். கெஸ்ட்ரல்னு ஒரு சின்ன வல்லூறு எதிர்காத்துக்கு முகம் காட்டி, உடம்பு ஆடினாலும் தலை அசையாம அப்படியே நிக்கும், அதுக்கு பழைய பேரே விண்ட்ஹவர், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதான்.