லாட்ஜில் ஏழரை மணி

கேள்வி: எனக்கு வயது 43. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். மாதத்தில் பதினெட்டு நாள் பெங்களூரு, ஹூப்ளி, குண்டூர், விஜயவாடா என்று சரக்குப் பையோடு அலைச்சல். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரண்டு வருடத்துக்கு முன் 6.1, இப்போது 6.8. காலையும் இரவும் ஒரு சர்க்கரை மாத்திரை போடுகிறேன். வீட்டில் இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஊருக்குப் போனால் சாயங்காலம் சரக்கு வாங்கும் பார்ட்டிகளோடு உட்கார வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுகிறேன், அது ஈடுகட்டுமா? இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்லி நண்பர் ஒருவர் மாதம் 6,500 ரூபாய்க்குப் பவுடர் தருகிறார். வாங்கலாமா?
வாசகர், சேலம்.

பதில்: பவுடரை வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

'வீட்டில் இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த வரியை என் அறையில் வாரத்துக்கு நாலு பேராவது சொல்கிறார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, சங்ககிரி லாரிக்காரர், போர்வெல் வண்டி முதலாளி, நூல் வியாபாரி, எல்லாரும். தனக்கு மன உறுதி போதவில்லை என்பதுதான் எல்லாருக்கும் வருத்தம். மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க எட்டுக் கடை ஏறி, டச்சுக்கும் (வெள்ளியின் சுத்தம்) செய்கூலிக்கும் வாய் வலிக்கப் பேசி, பழைய பாக்கியில் பாதிதான் வசூலாகி, லாட்ஜ் கட்டிலில் வந்து விழுகிறவனிடம் போய் உறுதியைத் தேடினால் எங்கே இருக்கும்? பசி, களைப்பு, தனிமை மூன்றும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன. ஜாதகத்தில் ஏழரை எப்போது என்று பார்க்கவே வேண்டாம். உங்கள் ஏழரை ராத்திரி ஏழரை மணிக்குத் தொடங்கி பத்து மணிக்கு முடிகிறது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏற்பாடு ஒன்றும் பெரிதில்லை. பார்ட்டியோடு உட்காருவதற்கு முன்னால், ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். மூன்று இட்லியும் சாம்பாரும், இல்லையென்றால் இரண்டு சப்பாத்தியும் பருப்பும். கூடவே இரண்டு அவித்த முட்டை. சைவம் என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. வயிறு நிறைந்தவன் முன்னால் சில்லி சிக்கன் வந்தால் ஒரு துண்டோடு கை நின்றுவிடும். பசித்தவன் முன்னால் வந்தால் தட்டுதான் மிஞ்சும்.

குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. பதில் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடை போட்டால் சுமார் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் 420 கலோரி, அதாவது ஏழெட்டு இட்லி. அதோடு போனாலும் பரவாயில்லை. தொட்டுக்கொள்ள வறுவல், பதினொரு மணிக்கு பரோட்டா என்று ஊர்வலமே பின்னால் வருகிறது.

எப்படித் தட்டிக்கழிப்பது? 'விட்டுட்டேன்' என்று சொல்லாதீர்கள். அது எதிராளிக்கு ஒரு சவால். 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று ஆரம்பித்துவிடுவார். 'மாத்திரை போட்டிருக்கேன், டாக்டர் திட்டுவார்' என்று பழியை என் தலையில் போடுங்கள். பொய்யும் இல்லை. கையில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா இருக்கட்டும், காலிக் கிளாஸைப் பார்த்தால்தான் ஊற்றக் கை நீளும். ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். டிசைனும் டச்சும் கடன் தவணையும் பார்த்துத்தான் ஆர்டர் தருகிறார்கள்.

டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டுக் கடைக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல் போகிறது. ஆரோக்கியமானவருக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹூப்ளியில் 'சக்கரெ பேட', குண்டூரில் 'சக்கெர வத்து', இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை போகும்போது கடைப் பையன் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ கொண்டுவருவான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: ஜவ்வரிசி உப்புமா 'லைட்' சாப்பாடு கிடையாது. அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. பார்ட்டிக்குக் கொடுக்க என்று வாங்கிய ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தைத் தொப்பூர் தாண்டுவதற்குள் நீங்களே பிரிப்பதும் எனக்குத் தெரியும்.

ஏற்காட்டுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினாலும் சரி, மூன்றாவது வளைவோடு திரும்பினாலும் சரி, அந்த நடையால் சர்க்கரைக்குக் கிடைக்கும் பலன் ஒன்று, இரண்டு நாள்தான் நிற்கும். செவ்வாய்க்கிழமை அது தீர்ந்துபோகிறது. நீங்களோ வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்புகிறீர்கள். உடற்பயிற்சியில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது விதி. மலை ஏறுவதை விடச் சொல்லவில்லை. விடிந்தபின் ஏறுங்கள், வளைவில் வெளிப்பக்கம் நடக்காதீர்கள். வாரம் முழுவதற்குமான கணக்கு அதில் தீர்ந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வெளியூரில் நடக்க முடியாததற்கு உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பத்து கிலோ வெள்ளியை அறையில் வைத்துவிட்டு யார் வாக்கிங் போவார்கள்? தோளில் மாட்டிக்கொண்டு தெரியாத ஊரில் இருட்டில் சுற்றச் சொல்லவும் மாட்டேன். அதனால் துண்டு துண்டாகச் செய்யுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம், லாட்ஜ் வராந்தாவிலேயே நடக்கலாம். சாப்பிட்ட கையோடு நடந்தால் சர்க்கரை ஏறுவது நன்றாகவே குறைகிறது. லாட்ஜில் மூன்றாவது மாடி அறை கேட்டு வாங்கி, லிஃப்டை மறந்துவிடுங்கள். அறைக்குள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பதினைந்து தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுவது பதினைந்து. இரண்டையும் மூன்று சுற்று செய்தால் வேர்த்துவிடும். இதற்கு ஜிம் வேண்டாம். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் ஊரில் இருக்கிறவரிடம் முழு வருடச் சந்தாவை வசூலித்துவிட்டு, மூன்றாம் நாளே புரோட்டீன் டப்பாவையும் தலையில் கட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப் பேருந்து நிற்கும் மோட்டல் பற்றியும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் உங்கள் பசியை நினைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் தனி மேஜையில் இலவசச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டின் விலை உங்கள் தோசையில் ஏறியிருக்கிறது. தோசை கேட்டால் 'தோசை லேட்டாகும், பரோட்டா ரெடி' என்பார்கள். பத்து நிமிடத்தில் ஹாரன் அடித்துவிடும் என்ற பயத்தில் கிடைத்ததை விழுங்குகிறோம். பெங்களூரு இங்கிருந்து 200 கிலோமீட்டர்தான், நடுவில் சாப்பிட அவசியமே இல்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஹூப்ளி, விஜயவாடா போன்ற நீண்ட பயணத்துக்குப் பொரிகடலையும் வேர்க்கடலையும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். வண்டி நிற்கும்போது கட்டாயம் இறங்குங்கள், சாப்பிட அல்ல, கால் நீட்டி நடக்க. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது.

சரி, பவுடர். ஒரு பார்ட்டி கொண்டுவரும் பழைய வெள்ளியை டச் பார்க்காமல் வாங்குவீர்களா? வாயில் போடுகிற பொருளுக்கு மட்டும் ஏன் 'என் ஃபிரெண்டு இளைச்சுட்டான்' என்ற போட்டோவே போதுமாகிவிடுகிறது? 'வெல்னஸ் கோச்' என்று அட்டை வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கு ஒவ்வொரு டப்பாவிலும் கமிஷன் இருக்கும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு பங்கு. டப்பாவின் பின்னால் பதினான்கு இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதே என்று காட்டுவார். அந்த எண் ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கிறது. தயாரிப்பவர் உணவு உரிமம் வாங்கியிருக்கிறார் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சர்க்கரை குறையும் என்று யாரும் சோதித்துப் பார்த்து எண் கொடுக்கவில்லை. முதல் பத்து நாளில் இரண்டு கிலோ குறைகிறதே என்பீர்கள். பட்டினி கிடந்தால் உடம்பிலிருந்து முதலில் இறங்குவது பெரும்பாலும் நீர்தான். பிறகு மறுபடி சாப்பிடும்போது திரும்பி வந்துவிடும்; 6,500 திரும்பாது.

சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே சட்டம் போட்டாயிற்று. பேருந்து நிலையச் சுவரைப் பாருங்கள், கைபேசியைத் திறந்து பாருங்கள். சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, யார் பயப்படுகிறார்கள்? எண்பது டெஸ்ட் எடுக்கும் 'முழு உடல் பரிசோதனை' ஆஃபரும் இதே ரகம். அதில் நாலு எண் சிவப்பு எழுத்தில் வரும். அந்தச் சிவப்பைக் காட்டி அடுத்த சரக்கை விற்பார்கள். காப்பீட்டுக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் கிடைக்கும், படுக்காமல் இருக்க வழி கேட்டு டாக்டரைப் பார்த்தால் பெரும்பாலும் காலணா கிடைக்காது.

இனி ஒரு முக்கியமான விஷயம். இதை இரண்டு தடவை படியுங்கள். 'ஒரு சர்க்கரை மாத்திரை' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாத்திரை? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஒரு வேளை தள்ளிப்போனாலும் சர்க்கரை சட்டென்று இறங்குவது அபூர்வம். ஆனால் கிட்டத்தட்ட அதே பெயரில், சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும் க்ளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகள் ஏராளம். பெயருக்குப் பின்னால் ஓரிரு எழுத்தும் எண்ணும் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். க்ளிமிபிரைடு, க்ளிக்ளசைடு, இன்சுலின், இந்த மூன்றில் ஒன்று உள்ளே போனால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் என்பது இவற்றைப் போடுகிறவர்களுக்கு நேராகக் குழிதான்.

குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். சர்க்கரை இறங்கும்போது கல்லீரல்தான் கையிருப்பிலிருந்து எடுத்தும் புதிதாகத் தயாரித்தும் கொடுக்கும். ஆல்கஹால் உள்ளே இருந்தால் அந்தத் தயாரிப்பு தடைப்படுகிறது. அதுவும் உடனே தெரியாது, விடியற்காலை மூன்று நாலு மணிக்குத் தெரியும். என்னிடம் வரும் ஒரு நூல் வியாபாரி வெளியூர் லாட்ஜில் மாத்திரை போட்டு, சாப்பிடாமல், இரண்டு ரவுண்டு போட்டுவிட்டுப் படுத்தார். அதிகாலையில் வேர்த்துக் கொட்டி வாய் குழறியிருக்கிறது. கூடத் தங்கியவர்கள் 'போதை இன்னும் இறங்கலை' என்று போர்வையைப் போர்த்திவிட்டார்கள். காபி கொண்டுவந்த பையன்தான் எழுப்பிப் பார்த்து, எழுந்திருக்கவில்லை என்றதும் 108ஐக் கூப்பிட்டிருக்கிறான். ஆம்புலன்ஸில் பார்த்தபோது சர்க்கரை 34. பிழைத்துக்கொண்டார், அந்தப் பையன் புண்ணியத்தில்.

கை நடுக்கம், திடீர் வேர்வை, காரணமில்லாத எரிச்சல், படபடப்பு, இதில் எது வந்தாலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்க்காமலே குடித்துவிடுங்கள், தப்பில்லை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கூட வரும் ஆளிடம் இதையெல்லாம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றாலும், அளவு மீறிக் குடிக்கிறவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அரிது, ஆனால் வந்தால் உயிருக்கே உலை.

மாத்திரையை ஊரில் மறந்துவிட்டு ஹூப்ளியில் போய் 'அதே மாதிரி ஒண்ணு கொடுங்க' என்று கேட்பது வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நல்ல திட்டம். ஆனால் அது வீட்டில் இருக்கிறவர்களுக்கு. மாதத்தில் பதினெட்டு நாள் பேருந்திலும் லாட்ஜிலும் கழிப்பவனைத் தேடி எந்தத் திட்டமும் வருவதில்லை. நீங்கள்தான் இருபது நாளுக்கான மாத்திரையைக் கணக்குப் பண்ணி, பாதியைச் சரக்குப் பையிலும் பாதியைத் துணிப் பையிலும் வைக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அதுவரை வெளியூரில் வாரம் இரண்டு நாளாவது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். 180க்குள் இருக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளோடு மாத்திரை அட்டையையும் முழுதாகக் கொண்டுபோங்கள். கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தால், பெயர் அச்சடித்த துண்டு பெரும்பாலும் கடைக்காரர் டப்பாவிலேயே தங்கிவிடும்.