இலவசமாகக் கிடைக்கும் தீர்ப்புகளை மட்டும் வைத்து வழக்குக்குத் தயாராக முடியுமா?

முடியும். தில்லியில் நான் அப்படித்தான் பிழைக்கிறேன். ஆனால் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வழக்கறிஞராகி இரண்டாம் ஆண்டு. கர்கர்டூமா நீதிமன்றத்தில், பணமின்றித் திரும்பிய காசோலை பற்றிய வழக்கு. எங்கள் கட்சிக்காரரின் வங்கி சென்னையில். எதிராளி காசோலையைத் தன் தில்லி கணக்கில் போட்டிருந்தார். முதல் நாள் இரவு, தீர்ப்புகளை இலவசமாகத் தேடித்தரும் 'இந்தியன் கானூன்' தளத்தில் புதையல் கிடைத்தது. காசோலை எந்தக் கிளையின் பெயரில் எழுதப்பட்டதோ அங்கேதான் வழக்குத் தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஆகஸ்ட் 1 அன்று சொன்ன தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் அமர்வு வேறு!

மறுநாள் கம்பீரமாக வாசித்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பணம் பெறுபவரின் கணக்கு இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது திருத்தம். எனக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது.

மயூர் விஹாருக்குத் திரும்பும்போது என் சீனியர், தஞ்சாவூர்க்காரர், திட்டவில்லை. "தீர்ப்பைத் தேடினாய், சரி. சட்டத்தை யாரம்மா தேடுவது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று என்னைச் சறுக்கவைத்தது தளத்தின் பிழையன்று. அங்கே இருப்பது நீதிபதியின் சொல். அது இன்றும் செல்லுபடியாகுமா என்பது வேறொருவர் செய்யும் வேலை. விலைகொடுத்து வாங்கும் தீர்ப்புத் தொகுப்புகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் அந்த வேலையைத்தான். தீர்ப்பின் மூலவாசகம் யாருக்கும் சொந்தமில்லை, பத்தி எண், தலைக்குறிப்பு (தீர்ப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் சுருக்கம்) போன்றவையே பதிப்பாளருக்கு உரியவை என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கோடு கிழித்தது. பிறகு 2023 ஜனவரியில் நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுப்பையே தலைக்குறிப்போடு இலவசமாகத் திறந்துவிட்டது. அவ்வாண்டே, எந்தப் பதிப்பையும் சாராமல் தீர்ப்பைச் சுட்ட உதவும் பொது மேற்கோள் எண்ணும் வந்ததால், தனியார் தொகுப்பின் பக்க எண்ணைத் தேடி அலையும் தொல்லையும் குறைந்தது.

பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்தான் பாடாய்ப் படுத்தும். பல வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டவை; எழுத்தாக மாற்றும்போது, காசோலை வழக்குக்கான பிரிவு எண் 138 என்பது 188 ஆகியிருந்தால் எந்தத் தேடலிலும் சிக்காது. நம்மவர் பெயர்கள் இன்னும் மோசம். சுப்பிரமணியன் என்பவர் ஒரே தீர்ப்பில் மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் வருவார். மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

உச்ச நீதிமன்றத் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு. கட்சிக்காரருக்குப் புரியவைக்கச் சரி; வாதத்துக்கு ஆங்கில மூலம்தான்.

இப்போதெல்லாம் நல்ல தீர்ப்பு கிடைத்த மகிழ்ச்சியில் உடனே அச்செடுப்பதில்லை. அதைச் சுட்டிய பிற்காலத் தீர்ப்புகளின் பட்டியலைத் திறந்து, புதியதிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். பிறகு அரசின் சட்டத் தொகுப்பான 'இந்தியா கோடு' தளத்தில் அந்தப் பிரிவின் அடிக்குறிப்பு வரை பார்க்கிறேன். இரண்டும் இலவசம்தான், அரை மணி நேரம் பிடிக்கும்.